வீடு வீடா கதவு தட்டி இன்டர்நெட் பிளான் விக்கிற வேலை: நாலு மாசம் செஞ்சு பார்த்த என் ரிவ்யூ

சிங்கப்பூர்ல நாலு மாசத்துல நான் தட்டுனது 9,412 கதவு. தினமும் ராத்திரி பஸ்ல வீட்டுக்கு வரும்போது '555'ங்கிற சின்ன நோட்டுல எழுதி வச்சிருவேன், அதனால இது குத்துமதிப்பு கணக்கு இல்ல. இதுல திறந்தது மூணுல ஒண்ணு கூட வராது, நின்னு பேசுனவங்க அதுல பாதிக்கும் கம்மி, கையெழுத்து போட்டது 70 வீடு. அந்த 70ல எனக்கு காசு வந்தது 51 வீட்டுக்கு மட்டும். ஒரு வீட்டுக்கு 50 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நாலு மாசத்துக்கு மொத்தம் 2,550 வெள்ளி, அதுலதான் பஸ், எம்ஆர்டி ரயில், சாப்பாடு எல்லாம்.

நான் ரிவ்யூ எழுதுறது இந்த வேலைக்கு ஆள் எடுக்கிற ஒரு மார்க்கெட்டிங் ஏஜென்சி பத்தி. பேர் போடல, போடவும் வேணாம்னு நினைக்கிறேன், ஏன்னா பேரைப் பார்த்து ஒதுங்குறதை விட அவங்க நடத்துற முறையைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா வேற இடத்துக்குப் போனாலும் உங்களுக்கு உதவும். மார்க் சொல்லணும்னா அந்த ஏஜென்சிக்கு 5க்கு 1. ஆனா கதவு தட்டுற வேலைக்கு நான் 5க்கு 4 கொடுப்பேன், அதை மனசார சொல்றேன். இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு 'ஐயோ அந்த வேலையா, கேவலம்'னு சொல்றவங்க நம்ம ஆளுங்கள்லயே நிறைய பேர் இருக்காங்க, என் சொந்தக்காரங்களும் சேர்த்து. அது எனக்கு ரொம்ப வருத்தம்.

நான் உட்லண்ட்ஸ்ல இருக்கேன், வயசு 44. ஒன்பது வருஷம் ஒரு மளிகைக் கடையில கல்லாவுல இருந்தேன், கடைக்காரருக்கு உடம்பு முடியாம கடையை மூடிட்டாங்க. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறார், ஷிப்ட் வேலை. பொண்ணு உயர்நிலை நாலு, ஓ லெவல் வருஷம், டியூஷனுக்கு காசு வேணும். அப்பதான் போன்ல அந்த விளம்பரம் வந்துச்சு. நேரம் உங்க இஷ்டம், அனுபவம் தேவையில்ல, மாசம் 3,000ல இருந்து 5,000 வரைக்கும் சம்பாதிக்கலாம், தமிழ் பேசத் தெரிஞ்சா முன்னுரிமைன்னு. தமிழுக்கு முன்னுரிமைன்னு பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த ஊர்ல வேலைக்குப் போய் நிக்கும்போது தமிழ் தெரியும்கிறதை ஒரு தகுதியா யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல. அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இன்டர்வியூ அரை மணி நேரம் கூட இல்ல, பத்து பேரை ஒரே ரூம்ல உக்கார வச்சு பேசுனாங்க, எல்லாருமே செலக்டட். மூணு பக்கம் இங்கிலிஷ் பேப்பர் கொடுத்து கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன். அந்தப் பேப்பர்ல 'எம்ப்ளாயி'ங்கிற வார்த்தையே கிடையாது, 'இண்டிபெண்டன்ட் கான்ட்ராக்டர்'னுதான் இருந்துச்சு, எனக்கு அப்ப அது உறைக்கல. என் அக்கா பையன் ஒரு கம்பெனியில எச்ஆர்ல இருக்கான், ரெண்டாவது மாசம் அவன்தான் வாசிச்சுட்டு 'சின்னம்மா, நீங்க இவங்க கிட்ட வேலையே பார்க்கல, உங்களுக்கு நீங்களே முதலாளி, அப்படித்தான் இதுல எழுதியிருக்கு'ன்னு சொன்னான். அப்படின்னா என்ன அர்த்தம்னு கேட்டேன். வேலைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, மசேநி (மத்திய சேமநிதி) கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது, சம்பளத்தை மாசம் முடிஞ்சு ஏழு நாளைக்குள்ள போட்டாகணும்கிற விதி கிடையாது. 55 வயசு வரைக்கும் உள்ள ஊழியருக்கு முதலாளி 17 விழுக்காடு மசேநி போடணும், என் 2,550க்கு அது 433 வெள்ளி வரும், ஒரு மாச டியூஷன் காசை விட அதிகம். அதுக்கும் மேல சொந்தத் தொழில்காரங்க கணக்குல வர்றதால வருஷத்துக்கு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டுனா மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பை நம்மளே கட்டணும். நான் தாண்டல, ஆனா தாண்டுன பசங்களுக்கு இது தெரியவே தெரியாது, லெட்டர் வந்ததும் முழிச்சாங்க.

இத்தனைக்கும் 'உங்க இஷ்டம்'னு சொன்ன நேரம் உண்மையில காலையில 11 மணி மீட்டிங், வரலைன்னா அன்னைக்கு ஏரியா கிடையாது, ராத்திரி 9 வரைக்கும் வீதியில, வாரம் ஆறு நாள், சட்டை அவங்க கொடுத்தது, டேப்லட் அவங்க கொடுத்தது, எந்த புளோக்கு (அடுக்குமாடிக் கட்டடம்) எந்த மாடின்னு அவங்க சொல்றது. சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு எப்ப வேலை செய்யணும்னு இன்னொருத்தர் எப்படிங்க சொல்ல முடியும்? பேப்பர்ல என்ன பேர் போட்டிருந்தாலும் நேரம், முறை, கருவி இதையெல்லாம் யார் கட்டுப்படுத்துறாங்கன்னு பார்த்துதான் மனிதவள அமைச்சு முடிவு பண்ணுமாம். அதை நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்.

காலை மீட்டிங்ல கை தட்டுவாங்க, முந்தின நாள் அதிகமா வித்தவங்க ஒரு மணியை அடிக்கணும், எல்லாரும் கத்துவாங்க. 20, 22 வயசுப் பசங்க, என்எஸ் (தேசிய சேவை) முடிச்சுட்டு பல்கலைக்கழகம் போறதுக்கு முன்னாடி காசு சேர்க்க வந்தவங்க, ரொம்ப நல்ல பிள்ளைங்க. என்னை எல்லாரும் ஆன்ட்டின்னுதான் கூப்பிடுவாங்க, வெயில்ல நடந்து எனக்கு மயக்கம் வந்தப்ப ஹண்ட்ரட் பிளஸ் வாங்கிட்டு ஓடி வந்ததும் அவங்கதான். அவங்களைப் பத்தி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

இப்ப கதவு பத்தி. பழைய நீள புளோக்கா இருந்தா நமக்கு வரம், ஒரே காரிடார்ல பத்துப் பன்னெண்டு வீடு வரிசையா இருக்கும், ஒரு வீட்டுல பேசிட்டு இருக்கும்போதே பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்ப்பாங்க, அங்க ஒரு தடவை சிரிச்சு வச்சா போதும் அடுத்த கதவு பாதி திறந்த மாதிரி. மாடிக்கு நாலே வீடு இருக்கிற உயரமான புளோக்குல அந்த வசதி இல்ல. புதுசா கட்டுன பிடிஓ அரசாங்க அடுக்குமாடி வீடுங்க பக்கம் போனா காலிங் பெல்லுல கேமரா, உள்ள இருந்தே 'நோ தேங்க்ஸ்'. நாங்க எப்பவும் மேல் மாடிக்கு லிப்ட்ல போய் படியில இறங்கிட்டே வருவோம், ஏறுனா முட்டி போயிரும், இறங்குனாலும் போகும், கொஞ்சம் மெதுவா போகும். புளோக் நம்பரோட முதல் எண்ணை வச்சே இது அந்த டவுன்ல எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கலாம், அங் மோ கியோல, ஈசூன்ல எல்லாம் அப்படித்தான், இது இத்தனை வருஷம் இங்க இருந்தும் எனக்குத் தெரியாது.

இந்த ஊர் வீட்டு வாசல் மாதிரி அழகு எங்கயும் கிடையாது, இது இந்த வேலை எனக்குக் கொடுத்தது. 1989ல இருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறதால ஒவ்வொரு புளோக்குலயும் எல்லா இனமும் கலந்துதான் இருக்கும், அதை பாடமா படிச்சிருக்கோம், ஆனா காரிடார்ல நடந்தாதான் கண்ணால தெரியும். ஒரு வாசல்ல தரையில சின்ன சிவப்புப் பீடம், ஆரஞ்சுப் பழம், ஊதுபத்தி. அடுத்த வாசல்ல சலாம் எழுதின ஸ்டிக்கர், இருபது ஜோடி செருப்பு, உள்ள சமைக்கிற வாசம். அதுக்கடுத்த வாசல்ல காஞ்ச மாவிலைத் தோரணம், ஸ்டிக்கர் கோலம், கருவேப்பிலைத் தொட்டி. பிரார்த்தனை நேரத்துல மலாய்க்காரங்க வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது, சாயந்திரம் ஏழு மணியை ஒட்டி மக்ரிப் தொழுகை வரும், அந்த நேரத்தை விட்டுரணும். சீனப் பாட்டிங்க கிட்ட 'ஆ மா, சாப்பிட்டாச்சா'ன்னு அரைகுறை ஹொக்கியன்ல கேட்டா அவங்க சிரிக்கிற சிரிப்பு இருக்கே! வாங்க மாட்டாங்க, ஆனா மாண்டரின் ஆரஞ்சு ஒண்ணு கையில வச்சு அனுப்புவாங்க.

கதவு திறக்காததுக்குக் காரணம் இருக்கு, அதுக்காக யாரையும் நான் திட்ட மாட்டேன். ஏமாத்து வேலை அவ்வளவு நடக்குது. ஒரு அக்கா என்னை கேட்டுக்கு வெளிய நிக்க வச்சுட்டு என் முன்னாடியே 1799ங்கிற மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு போன் போட்டு விசாரிச்சாங்க, எனக்கு முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு, அப்புறம் என் அம்மாவும் இப்படித்தான் செய்யணும்னு நினைச்சுக்கிட்டேன், இப்ப அம்மா போன்ல அந்த நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கேன்.

யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு, டாய்லெட். புளோக்குக்குக் கீழ இருக்கிற திறந்த தளம், அந்த வாய்ட் டெக்ல டாய்லெட் கிடையாது. காப்பிக் கடைக்குத்தான் போகணும், சில இடத்துல 10 காசு 20 காசு, பொம்பளைங்களுக்கு அந்த மாச நாட்கள்ல ரொம்பக் கஷ்டம். சமூக மன்றம் பக்கத்துல இருந்தா புண்ணியம், சுத்தமா இருக்கும், காசு கிடையாது, குளுகுளுன்னு பத்து நிமிஷம் உக்காரவும் செய்யலாம். நான் எந்த ஏரியா கொடுத்தாலும் முதல்ல மேப்ல சமூக மன்றத்தைத்தான் தேடுவேன். டாய்லெட்டுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருக்காதீங்க, அப்படி இருந்துதான் எனக்கு மூணாவது வாரம் நீர்க்கடுப்பு வந்துச்சு, கிளினிக் செலவு என் காசு, லீவு எடுத்த நாள் என் காசு. ஷூ நல்லதா வாங்குங்க, நான் 30 வெள்ளி ஷூ போட்டு ஒரே மாசத்துல அடி தேஞ்சு போச்சு, அப்புறம் 109 வெள்ளிக்கு நடக்கிறதுக்குன்னே செஞ்ச ஷூ, அரை சைஸ் பெருசா, சாயந்திரம் கால் வீங்கும்ல அதுக்கு. குடையை விட மெல்லிசு மழைக்கோட்டு நல்லது, டேப்லட்டைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும்.

இப்ப தமிழ் பேசினா ஏன் முன்னுரிமைன்னு சொல்றேன்.

ரெண்டாவது வாரம் டீம் லீடர் என்னைத் தனியா கூப்பிட்டு, தோரணம் தொங்குற வாசல் எல்லாம் உனக்குத்தான், இங்கிலிஷ்ல ஆரம்பிக்காத, முதல் வார்த்தையே தமிழ்ல பேசு, அதுவும் வயசானவங்க தனியா இருக்கிற மத்தியான நேரத்துல போன்னு சொன்னான். அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. 'வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா'ன்னு நான் ஆரம்பிச்ச உடனே இரும்புக் கேட் திறக்கும். சும்மா இல்ல, சாவியை எடுத்துட்டு வந்து பூட்டைத் திறந்து உள்ள கூப்பிடுவாங்க. உள்ள வாம்மா, வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிக்கிறியா, தே போடவா, எந்தப் பக்கம் உனக்கு, பிள்ளைங்க எத்தனை. ஒரு நாள் முழுக்க மூடுன கதவையே பார்த்துட்டு வந்தவளுக்கு அது எப்படி இருக்கும்னு சொல்லத் தெரியல. பகல்ல அவங்களும் பேச்சுத் துணை இல்லாம இருப்பாங்க, பேரப்பிள்ளைங்க தமிழ்ல பேச மாட்டேங்குதுன்னு சொல்லி அழுத ஒரு பாட்டியம்மாவை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. என்னோட 70 கையெழுத்துல 38 தமிழ் வீடு. நான் தட்டுன கதவுல பத்துல ஒண்ணு கூட தமிழ் வீடு இருக்காது, அப்ப யோசிச்சுப் பாருங்க.

அவங்க கையெழுத்து போட்டது பிளானைப் பார்த்து இல்ல. மொழிக்காகப் போட்டாங்க.

ஏஜென்சி கொடுத்த பேச்சு எப்படி ஆரம்பிக்கும்னா, 'உங்க புளோக்குல 10ஜி அப்கிரேட் நடக்குது, அதுக்காக வந்திருக்கோம்'. பொய்ன்னு நேரா சொல்ல முடியாது, ஏன்னா 2024ல நாட்டோட ஃபைபர் கட்டமைப்பை 10ஜி வேகத்துக்கு மேம்படுத்த அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரைக்கும் ஒதுக்குறதா அறிவிச்சது உண்மை. ஆனா கேக்குறவங்களுக்கு என்ன தோணும்? வீவகல (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இருந்தோ அரசாங்கத்துல இருந்தோ வந்திருக்காங்க, கட்டாயம் மாத்தணும்னுதான் தோணும். உண்மை என்னன்னா வீட்டுக்குள்ள வர்ற ஃபைபர் கம்பி நெட்லிங்க் டிரஸ்ட்ங்கிற நிறுவனம் போட்டது, சுவத்துல இருக்கிற அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி வரைக்கும் எல்லாருக்கும் ஒண்ணுதான், எந்த கம்பெனி பிளான் எடுத்தாலும் அதே கம்பி வழியாதான் வரும். நாங்க விக்க வந்தது கம்பெனி மாறுற ஒரு 24 மாச ஒப்பந்தம். அவ்வளவுதான். முதல் மாசம் அந்தப் பேச்சை நானும் அப்படியே ஒப்பிச்சேன், அர்த்தம் புரிஞ்சு ஒப்பிச்சேனான்னு கேட்டா முழுசா புரியல, ஆனா கேட்டுத் தெரிஞ்சுக்கவும் இல்ல. அது என் தப்பு.

அங் மோ கியோல ஒரு பழைய புளோக்கு, எட்டாவது மாடி. ஐயாவுக்கு 76 வயசு, துறைமுகத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மாவுக்குக் கண் பார்வை கொஞ்சம் கம்மி. உள்ள கூப்பிட்டு முறுக்கு வச்சாங்க. நான் அப்கிரேட்னு சொன்னேன். ஐயா ஒரே கேள்விதான் கேட்டார், 'இதுல டிவி வரும்லம்மா, அம்மா தமிழ் நியூஸ் பார்ப்பா'. நான் வரும்ங்கய்யான்னு சொன்னேன். டேப்லட்ல விரலால கையெழுத்து போட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு அவரோட மக எனக்கு போன் பண்ணாங்க, ஐயாவுக்கு கொடுத்த கார்டுல என் நம்பர் இருந்துச்சு. கோவமா பேசல, அதுதான் ரொம்ப வலிச்சுச்சு. 'அக்கா, அப்பாவுக்கு பழைய கம்பெனியில இன்னும் பதினாலு மாசம் கான்ட்ராக்ட் இருக்கு, கேபிள் டிவியும் அதோட சேர்த்துதான், இப்ப வெட்டுனா அபராதம், வெட்டலைன்னா ரெண்டு பில்லு. தமிழ்ல பேசுற பொண்ணு, நம்ம பிள்ளைன்னு நினைச்சுப் போட்டேன்னு சொல்றாரு'ன்னாங்க. என்னால சாப்பிட முடியல அன்னைக்கு.

மறுநாள் ஆபீஸ்ல கேட்டேன், கையெழுத்து போட்டாச்சு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. அக்கா பையன் கிட்ட கேட்டேன், அவன்தான் தேடிக் கொடுத்தான். பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்துக்குக் கீழ 2009ல வந்த விதிமுறை ஒண்ணு இருக்கு. நம்ம கூப்பிடாம வீட்டு வாசலுக்கு வந்து வித்த ஒப்பந்தத்தை அஞ்சு நாளுக்குள்ள ரத்து பண்ணலாம், சனி, ஞாயிறு, பொது விடுமுறை அந்த அஞ்சுல சேராது. அந்த உரிமை இருக்குன்னு விக்கிறவங்களே ஒரு தகவல் தாள் கொடுத்தாகணும். எங்க டேப்லட்ல அது நாப்பதாவது பக்கத்துல எங்கயோ இருந்துச்சு, நாங்க யாரும் அதைத் திறந்து காட்டுனதே இல்ல, காட்டச் சொல்லி டிரெயினிங்லயும் சொல்லல. நான் அந்த மகளுக்கு போன் பண்ணி, எழுத்துல கொடுங்க, இன்னைக்கே இமெயில் அனுப்புங்க, முடியாதுன்னு சொன்னா பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்க, அதுவும் ஆகலைன்னா சிறு கோரிக்கை மன்றம் இருக்கு, வக்கீல் வேணாம்னு சொன்னேன். மூணாவது நாள் ரத்து ஆச்சு, ஒரு காசு கட்டல. எனக்கு 50 வெள்ளி போச்சு, போகட்டும். டீம் லீடர் கிட்ட இருந்து கஸ்டமருக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்காதன்னு மெசேஜ் வந்துச்சு.

அதுக்கப்புறமும் நான் ரெண்டரை மாசம் அதே வேலையைத்தான் செஞ்சேன், விடல. ஆனா என் பேச்சை மாத்திட்டேன். நான் அரசாங்கம் இல்ல, விக்க வந்திருக்கேன்னு முதல் வாக்கியத்துலயே சொல்லிருவேன். பழைய பில் எடுத்துட்டு வாங்க, ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு பார்ப்போம்னு கேப்பேன். முடியலைன்னா அந்தத் தேதியை ஒரு பேப்பர்ல பெருசா எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டு வந்துருவேன், அதுக்கு முன்னாடி யார் வந்தாலும் போடாதீங்கன்னு. 65க்கு மேல தனியா இருக்கிறவங்கன்னா பிள்ளைங்க கிட்ட போன்ல பேசாம கையெழுத்து வாங்க மாட்டேன். ஐசியை (அடையாள அட்டை) என் சொந்த போன்ல படம் எடுக்க மாட்டேன், மத்தவங்க எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு இருந்தாங்க, பார்க்கவே பயமா இருக்கும், 2019 செப்டம்பர் 1ல இருந்து ஐசி நம்பரையும் காப்பியையும் சட்டம் கேக்குற மாதிரி தகுந்த காரணம் இல்லாம வாங்கக் கூடாதுன்னு விதி வந்து எத்தனை வருஷம் ஆச்சு.

இப்படிப் பேசியும் வித்தேன்ங்க. மூணாவது மாசம் 17. முந்தின மாசம் 23, குறைஞ்சது உண்மைதான், ஆனா அந்த 17ல ரத்து ஆனது ஒண்ணே ஒண்ணு. உண்மையிலேயே ஒப்பந்தம் முடிஞ்சு, ஏறிப்போன பழைய விலையில மாசா மாசம் கட்டிட்டு இருக்கிற வீடுங்க நிறைய இருக்கு, அவங்களுக்கு மாசம் பத்துப் பதினஞ்சு வெள்ளி மிச்சம் பண்ணிக் கொடுக்க முடியும். ஈசூன்ல மூணு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒத்தையா குடும்பம் நடத்துற ஒரு தங்கச்சிக்கு அப்படி மாத்திக் கொடுத்தேன், அவங்க பக்கத்து வீட்டு ரெண்டு பேரை அவங்களே கூட்டிட்டு வந்தாங்க. இதனாலதான் வேலைக்கு 4 மார்க் போட்டேன். தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் வாசலுக்கே வந்து பில்லை வாசிச்சுப் புரிய வைக்கிறது நம்ம பெரியவங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுது, இதை நான் நேர்ல பார்த்தேன்.

ஆனா அந்த ஏஜென்சியோட காசு முறைக்கு இப்படிப்பட்ட வேலை ஒத்து வராது. கமிஷன் கையெழுத்துக்கு இல்ல, லைன் போட்டு முடிச்சதுக்கு. லைன் போட்டு மூணு மாசத்துக்குள்ள கஸ்டமர் நிறுத்துனாலோ பில் கட்டாம விட்டாலோ கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பாங்க, அடுத்த மாசக் கணக்குல கழிச்சுருவாங்க. எந்த வீடு, ஏன் கழிச்சாங்கன்னு பட்டியல் கேட்டா தர மாட்டாங்க. என் நோட்டுல இருக்கிற கணக்கும் அவங்க கணக்கும் ஒரு மாசம் கூட ஒத்து வந்ததில்ல. அதுக்கு மேல முதல் மாசத்துலயே 'டெபாசிட்'னு டேப்லட்டுக்கு 100 வெள்ளி. நாலாவது மாசம் பொண்ணுக்கு பரீட்சை, நான் நேரம் குறைச்சேன், 11 கையெழுத்துதான், உடனே ஏரியாவை மாத்தி ஏற்கனவே ரெண்டு டீம் தட்டி முடிச்ச புளோக்குங்களைக் கொடுத்தாங்க. அப்ப விட்டுட்டேன்.

கடைசிக் கமிஷனும் டெபாசிட்டும் ஏழு வாரம் வரல. டிஏடிஎம்னு முத்தரப்பு அமைப்பு இருக்கு, ஊழியரா இல்லாத சொந்தத் தொழில்காரங்களும் காசு பாக்கின்னா அங்க போய் சமரசப் பேச்சு கேக்கலாம். நான் தேதி வாரியா எழுதின 555 நோட்டு பக்கங்களைப் படம் எடுத்து, இதோட அங்க போகப் போறேன்னு ஒரு இமெயில் போட்டேன், ஒரு வாரத்துல காசு வந்துருச்சு. அதனால தயவுசெஞ்சு எழுதி வைங்க. எந்த நாள், எந்த புளோக்கு, எத்தனை கையெழுத்து. ஒரு நோட்டு ஒரு வெள்ளி கூட ஆகாது.

இந்த மாதிரி இன்டர்வியூவுக்குப் போறவங்க வெக்கப்படாம கேளுங்க: நான் ஊழியரா கான்ட்ராக்டரா, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மசேநி உண்டா, கமிஷன் எப்ப வரும், எப்ப திரும்பப் பிடிப்பீங்க, அதுக்குப் பட்டியல் தருவீங்களா. ஊழியர்னா முக்கிய வேலை நிபந்தனைகளை வேலை ஆரம்பிச்ச 14 நாளுக்குள்ள எழுத்துல கொடுத்தாகணும். பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வாசிச்சுட்டு வரேன்னு சொல்லுங்க, விட மாட்டேன்னா எழுந்து வந்துருங்க. ஊர்ல இருந்து வந்து வீட்டுக்காரரோட வேலை அனுமதி பாஸை வச்சு டிபெண்டன்ட்டா (அவரைச் சார்ந்தவங்களா) இருக்கிற தங்கச்சிங்க ரொம்பக் கவனமா இருங்க, 'இது வேலை இல்லம்மா, கமிஷன்தான், பாஸ் தேவையில்ல'ன்னு என் கூட இருந்த ஒரு பொண்ணு கிட்ட சொன்னாங்க, அது தப்பு. 2021 மே மாசத்துல இருந்து டிபெண்டன்ட் பாஸ்ல இருக்கிறவங்க வேலை பார்க்கணும்னா அவங்களுக்குன்னு தனியா வேலை பாஸ் வேணும். மாட்டுனா அந்த ஏஜென்சி வந்து நிக்காது, உங்க குடும்பம்தான் நிக்கும்.

வாசலுக்கு உள்ள இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு. வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க, எங்களுக்கு அது நல்லது, அடுத்த கதவுக்குப் போயிரலாம். வீட்டுல பெரியவங்க இருந்தா இப்பவே பில்லை எடுத்து ஒப்பந்தம் முடியுற தேதியை எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வைங்க, அஞ்சு நாள் கணக்கையும் சொல்லி வைங்க.

இப்ப நான் ஒரு பள்ளிக்கூட கேன்டீன் கடையில உதவிக்கு இருக்கேன், மசேநியோட. மத்தியானம் ரெண்டு மணிக்கு முடிஞ்சுரும். அதுக்கப்புறம் சாயந்திரம் நேரம் இருக்கு. அடிப்படைச் சம்பளம் கொடுத்து, உண்மையைச் சொல்லி விக்க விடுற இடம், இன்டர்நெட்தான்னு இல்ல, எதுவா இருந்தாலும் சரி, உங்க யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, நான் கதவு தட்ட வரேன். அந்த 109 வெள்ளி ஷூ இன்னும் நல்லாதான் இருக்கு.